வெடிமருந்துக்கும் வயதாகும்

சென்ற தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசை அட்டைப் பெட்டியோடு பரண்மேல் போட்டுவைத்து, அடுத்த ஆண்டு எடுத்துக் கொளுத்திப் பார்த்திருக்கிறீர்களா? சில வெடிக்கும். சில 'புஸ்' என்று புகைந்து அடங்கிவிடும். "நமுத்துப் போய்விட்டது" என்று சொல்லித் தூக்கி எறிந்துவிடுவோம். நமக்கு அதனால் நஷ்டம் சில ரூபாய்தான். ஆனால் எல்லையில் காவல் நிற்கும் ஒரு சிப்பாயின் தோட்டா இப்படி நமுத்துப் போயிருந்தால் என்ன ஆகும்?

படைகள் வாங்கிக் குவிக்கும் தோட்டாக்களும் பீரங்கிக் குண்டுகளும் பெரும்பாலும் உடனே சுடப்படுவதில்லை. ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் கூடக் கிடங்கில் காத்துக் கிடக்கின்றன. அல்லது சிப்பாயின் இடுப்புப் பையிலும் கப்பலின் வயிற்றிலும் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. இவற்றை எவ்வளவு காலத்துக்கு நம்பலாம்?

'நம்பலாம்' என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. வெடிக்க வேண்டிய வேளையில் மருந்து வெடிக்க வேண்டும். வெடிக்கக் கூடாத வேளையில் வெடிக்காமலும் இருக்க வேண்டும். முதல் கவலை துப்பாக்கி தோன்றிய நாள் முதல் இருந்து வருவது. இரண்டாவது கவலை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பிறந்தது. அது பிறந்த கதையே நம் கட்டுரையின் பெரும்பகுதி.

மழையில் நனைந்த பீரங்கிகள்

1757-ஆம் ஆண்டு ஜூன் 23. வங்காளத்தில் பிளாசி என்னும் இடத்தில் நவாப் சிராஜ் உத்தௌலாவின் படையும் கிளைவின் படையும் எதிரெதிரே நின்றன. நண்பகலில் பெருமழை பிடித்துக்கொண்டது. கிளைவின் ஆட்கள் தார்ப்பாய்களை இழுத்துத் தங்கள் மருந்தை மூடிவிட்டார்கள். நவாபின் பீரங்கிப் படையில் அத்தகைய ஏற்பாடு இல்லை. மருந்து நனைந்து பீரங்கிகள் ஓய்ந்தன. எதிரியின் மருந்தும் நனைந்திருக்கும் என்று எண்ணி நவாபின் தளபதி மீர் மதன் குதிரைப்படையோடு பாய்ந்தார். எதிரே இருந்த பீரங்கிகள் முழங்கின. மீர் மதன் விழுந்தார். பிளாசியின் முடிவுக்கு மீர் ஜாபரின் துரோகமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. என்றாலும் ஒரு தார்ப்பாய்க்கும் அதில் பங்கு உண்டு.

அக்காலத்து மருந்து கரிமருந்து. நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம். இம்மூன்றையும் மாவாக அரைத்து, ஒன்றோடொன்று நெருங்கக் கலந்து, குருணையாக்கி உலர்த்துவார்கள். கலவை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வேகமாக எரியும். ஈரம் பட்டால் என்ன ஆகிறது? வெடியுப்பு நீரில் கரையக்கூடியது. அது கரைந்து, பிறகு காயும்போது தனியே படிகமாகப் பூத்துவிடுகிறது. கரியும் கந்தகமும் வேறாக நின்றுவிடுகின்றன. ஆகவே நனைந்த மருந்தை வெயிலில் காயவைத்தாலும் பழைய வீறு திரும்புவதில்லை. நமுத்த பட்டாசை அடுப்படியில் வைத்துக் காய்ச்சும் சிறுவர்கள் ஏமாந்துபோவதும் இதனால்தான். (அந்த வேலை ஆபத்தானதும் கூட, யாரும் செய்துபார்க்க வேண்டாம்.)

ஆனால் ஈரம் மட்டும் அண்டாவிட்டால் கரிமருந்தின் ஆயுள் வியப்பூட்டுவது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சாதாரண வெப்பநிலையில் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. நெருப்பு வரும்வரை பக்கத்துப் பக்கத்தில் சும்மா கிடக்கும். 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், 1861-65 உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்துபோனார். 140 ஆண்டுகளுக்கு மேல் கிடந்த மருந்து! "பழசுதானே, செத்துப்போயிருக்கும்" என்று எண்ணுவது எவ்வளவு தவறு பாருங்கள்.

பையில் சுமந்த சோதனை

கிடங்கில் இருப்பதற்கும் பையில் சுமப்பதற்கும் வேறுபாடு உண்டென்று அன்றே அறிந்திருந்தார்கள். அதற்கு ஒரு சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

1850-களில் இங்கிலாந்து என்பீல்டு துப்பாக்கியைப் புகுத்தத் தொடங்கியது. அதன் தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே மருந்தும் ஈயக்குண்டும். குண்டு குழாய்க்குள் வழுக்கிச் செல்வதற்காகவும் ஈரம் புகாமல் இருப்பதற்காகவும் காகிதத்தின் ஒரு முனையில் கொழுப்புப் பூசியிருப்பார்கள். இந்தியாவின் வெயிலில் இக்கொழுப்பு எப்படி நடந்துகொள்ளும்? உருகி ஓடிவிடுமா, காகிதத்துக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்குமா? இதை அறிய 1853-இல் கொழுப்புப் பூசிய தோட்டாக்களை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கொல்கத்தா வில்லியம் கோட்டை, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் காவல் சிப்பாய்கள் அவற்றைப் பைகளில் போட்டு மாதக்கணக்கில் சுமந்தார்கள். தோட்டாக்கள் 1855-இல் இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்றன.

விஞ்ஞான முறையில் பார்த்தால் இது குறைசொல்ல முடியாத சோதனை. வெயில், மழை, வியர்வை, நடை, குலுக்கல் எல்லாம் இயற்கையாகவே கிடைத்துவிட்டன. ஆனால் அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதைச் சிப்பாய் எப்படி எடுத்துக்கொள்வான் என்பது சோதனையில் சேரவில்லை. கர்னல் டக்கர் என்ற அதிகாரி 1853 டிசம்பரிலேயே இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். எழுத்து கோப்போடு நின்றது. 1857-இல் நடந்ததை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

பஞ்சுக்குள் ஒளிந்த அமிலம்

இனி இரண்டாவது கவலைக்கு வருவோம். 1846-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் நனைத்துக் கழுவி உலர்த்தினால் அது வெடிபஞ்சாக மாறுவதை அறிவித்தார். பார்வைக்குச் சாதாரணப் பஞ்சுதான். நெருப்புப் பட்டால் புகையின்றி ஒரு நொடியில் மறைந்துவிடும். கரிமருந்தைவிடச் சக்தியும் பல மடங்கு. ஐரோப்பாவின் படைத்தலைவர்களெல்லாம் இதன்மேல் கண் வைத்தார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1847 ஜூலையில் இங்கிலாந்தின் பேவர்ஷாமில் வெடிபஞ்சுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு பிரான்சில் ஒரு விபத்து. ஆஸ்திரியா விடாப்பிடியாக முயன்றது. 1862-இலும் 1865-இலும் அதன் கிடங்குகளும் வெடித்தபின் கைவிட்டது. யாரும் தீ வைக்கவில்லை. யாரும் தட்டவும் இல்லை. பூட்டிய கிடங்கில் தானாகவே வெடித்தது. கரிமருந்தோடு நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் பழகிய மனிதனுக்கு இது புதிய அனுபவம்.

காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் இரசாயன அறிஞர் பிரெடரிக் ஏபெல். பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே துளையுள்ள நுண்ணிய குழாய். வெளியே எவ்வளவு கழுவினாலும் அக்குழாய்களுக்குள் சிறிதளவு அமிலம் தங்கிவிடுகிறது. அந்த அமிலம் பஞ்சை உள்ளிருந்தே அரிக்கிறது. ஏபெல் கண்ட வழி எளியது. காகித ஆலையில் கூழ் அரைப்பதுபோல் வெடிபஞ்சை நீரில் அரைத்துக் கூழாக்கிவிட்டால் குழாய்கள் துண்டு துண்டாகும். அமிலத்தைக் கழுவி எடுத்துவிடலாம். 1865-இல் இம்முறைக்கு உரிமை பெற்றார்.

கழுவியது போதுமா என்று அறிய அவர் வகுத்த சோதனையை மேல்வகுப்பு மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். சிறிதளவு மருந்தை ஒரு சோதனைக் குழாயில் இட்டு, 70-80 பாகை சென்டிகிரேடு சூடுள்ள நீரில் அமிழ்த்துவார்கள். குழாயின் மேற்பகுதியில், பொட்டாசியம் அயோடைடும் மாவுப்பொருளும் தோய்ந்த காகிதத் துண்டு தொங்கும். மருந்து சிதைந்தால் நைட்ரஜனின் ஆக்சைடு வாயுக்கள் எழும். அவை அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும். அயோடினும் மாவும் சேர்ந்தால் நிறம் தோன்றும் என்பது நீங்கள் அறிந்ததே. காகிதத்தில் பழுப்புக் கோடு எத்தனை நிமிடத்தில் தோன்றுகிறது என்பதே கணக்கு. சீக்கிரம் தோன்றினால் மருந்து ஆகாது.

நல்ல சோதனைதான். ஆயினும் இதை ஏமாற்ற முடியும் என்பதும் பின்னால் தெரிந்தது. மிகச் சிறிதளவு மெர்குரிக் குளோரைடு கலந்திருந்தால் கெட்ட மருந்திலும் நிறம் தோன்றத் தாமதமாகும். காகிதம் 'நல்ல மருந்து' என்று சான்று கூறும். மருந்தோ உள்ளே சிதைந்துகொண்டிருக்கும்.

வைக்கோற்போரும் மருந்து அறையும்

1884-இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேல் வெடிபஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் ஊறவைத்துப் பசையாக்கி, தகடாக இழுத்து, சிறு சிறு துண்டுகளாக வெட்டி உலர்த்தினார். இழை அமைப்பு மறைந்து கொம்பு போன்ற திடப்பொருள் கிடைத்தது. அது சீராக எரிந்தது. 'பி மருந்து' என்று பெயர் பெற்ற இதுவே படைகள் ஏற்றுக்கொண்ட முதல் புகையில்லா மருந்து. 1886-இல் பிரான்சின் லெபெல் துப்பாக்கி இதனோடு வந்தபோது பிற நாட்டுப் படைகளின் துப்பாக்கிகளெல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன எனலாம்.

அமிலத்தைக் கழுவி, இழையைக் கரைத்து ஆயிற்று. இனி அச்சமில்லையா? இருந்தது. ஏனென்றால் குற்றம் எஞ்சிய அமிலத்தோடு முடியவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் அப்பொருளின் மூலக்கூறே மெல்ல மெல்ல உதிரும் தன்மையுடையது. செல்லுலோசோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நைட்ரேட் தொகுதிகளின் பிணைப்பு வலுவற்றது. சாதாரண வெப்பநிலையிலும் அவற்றில் ஒன்றிரண்டு அறுந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். அவ்வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அமிலம் மேலும் பல பிணைப்புகளை அறுக்கும். அதனால் இன்னும் வாயு, இன்னும் அமிலம். போதாக்குறைக்கு இச்செயலில் வெப்பமும் பிறக்கிறது. வெப்பம் செயலை இன்னும் விரைவாக்குகிறது.

ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறுவதை கிராமத்து வாசகர்கள் அறிவார்கள். ஒரு பிடி வைக்கோல் அப்படிச் சூடேறாது. பிறக்கும் வெப்பம் காற்றோடு போய்விடும். பெரிய போரில் வெப்பம் வெளியேற வழியில்லை. வெடிமருந்தும் அப்படியே. ஒரு துப்பாக்கித் தோட்டாவில் இருக்கும் மருந்து சில கிராம்தான். அது முதுமையடைந்தால் சுடும்போது தவறும், தோட்டாக் கூட்டை உள்ளிருந்து அரிக்கும். அநேகமாக அதோடு சரி. போர்க்கப்பலின் மருந்து அறையிலோ டன் கணக்கில் மருந்து அடுக்கப்பட்டிருக்கும். அதுவும் எஃகுச் சுவர்களுக்குள், கொதிகலன்களோடு ஒரே கப்பலில்!

பிரெஞ்சுக்காரர்கள் பாதுகாப்புக்காக பி மருந்தில் அமைல் ஆல்கஹால் சேர்த்தார்கள். வெளிப்படும் வாயுவை அது ஓரளவு ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது ஆவியாகக்கூடிய திரவம், காலப்போக்கில் குறைந்துபோய்விடும். பழைய மருந்தை என்ன செய்வது? வீணாக்க மனமில்லை. மறுபடியும் பிசைந்து, புது மருந்தோடு கலந்து, புதிதாக ஆல்கஹால் சேர்த்துப் படைக்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. மேல்பூச்சு புதியது, உள்ளே இருந்த மூலக்கூறுகளுக்கு வயது குறையவில்லை. பெட்டியில் எழுதிய தேதியைப் பார்த்து உள்ளிருப்பதன் வயதைச் சொல்ல முடியாத நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

தூலோன் துறைமுகம்

1907 மார்ச் 12. தூலோன் துறைமுகத்தில் 'இயேனா' என்ற போர்க்கப்பல் செப்பனிடுவதற்காக உலர்துறையில் நின்றது. அதாவது சுற்றிலும் தண்ணீரே இல்லை. பிற்பகல் ஒன்றரை மணியளவில் பின்பக்கத்து மருந்து அறையில் வெடிப்பு தொடங்கியது. கடலில் நிற்கும் கப்பலானால் கடல்நீரைத் திறந்து மருந்து அறையை மூழ்கடித்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்புகள் தொடர்ந்தன. உலர்துறையின் கதவை உடைத்து நீரை உள்ளே விடலாம் என்று பக்கத்திலிருந்த 'பாத்ரி' என்ற கப்பல் அக்கதவின்மீது குண்டு வீசிப் பார்த்தது. குண்டு பட்டுத் தெறித்து விழுந்தது. கடைசியில் ரூ என்ற இளம் அதிகாரி ஓடிச்சென்று மதகைத் திறந்தார். நீர் உள்ளே வந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர்.

பாராளுமன்றம் விசாரித்தது. பி மருந்தின்மீது ஐயம் வலுத்தது. ஆனால் மருந்தைச் செய்யும் துறை ஒருபுறம், மருந்தை வாங்கும் கடற்படை மறுபுறம். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டார்கள். 1908-இல் கடற்படை அமைச்சர் தாம்சன் பதவி விலக நேர்ந்தது. டைபீனைல்அமைன் என்னும் மேலான காப்புப் பொருள் அதற்குள் அறியப்பட்டிருந்தது. புது மருந்தில் அதைச் சேர்க்கவும் தொடங்கினார்கள். ஆனால் ஏற்கெனவே கப்பல்களில் அடுக்கியிருந்த பழைய மருந்து?

1911 செப்டம்பர் 25. அதே தூலோன். விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் 'லிபர்த்தே' என்ற போர்க்கப்பலின் முன்பக்கத்திலிருந்து புகை எழுந்தது. சில நிமிடங்களில் கப்பல் வெடித்துப் பிளந்தது. 37 டன் எடையுள்ள கவசத் துண்டு ஒன்று காற்றில் பறந்து, 200 மீட்டருக்கு அப்பால் நின்ற 'ரெப்யூப்ளிக்' கப்பலின்மேல் விழுந்தது. அக்கம்பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 300 பேர் இறந்தனர். இதன் பிறகே பழைய மருந்தைக் கப்பல்களிலிருந்து இறக்கும் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. முதல் விபத்துக்கும் இரண்டாவது விபத்துக்கும் இடையே நான்கரை ஆண்டு. அந்த நான்கரை ஆண்டில் விஞ்ஞானத்துக்குத் தெரியாதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

டைபீனைல்அமைன் செய்யும் வேலை என்ன? வெளிப்படும் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். அமிலம் சேர விடாது. மருந்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு இருந்தால் போதும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பிடிக்கப் பிடிக்க அதுவும் தீர்ந்துகொண்டே வரும். அது உள்ளவரை மருந்து பத்திரம். அது தீர்ந்த நாள் முதல் ஆபத்து. மருந்தின் வயதை அறிய இது ஒரு நல்ல வழியாயிற்று. எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்பதை விட்டுவிட்டு, காப்புப் பொருள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இரசாயனச் சாலையில் அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

பிரிட்டனில் கதை வேறு விதமாகப் போயிற்று. 1889-இல் ஏபெலும் ஜேம்ஸ் டூவரும் சேர்ந்து கார்டைட் என்னும் மருந்தை உருவாக்கினார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலைன் 5 பங்கு. நாம் வெடித்த உதட்டுக்குத் தடவும் அதே வாசலைன்! பீரங்கிக் குழாய் தேயாமலிருக்கட்டும் என்று அதைச் சேர்த்தார்கள். அந்த வேலையை அது பெரிதாகச் செய்யவில்லை. ஆனால் அதிலுள்ள சில ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்வது பிறகு தெரிந்தது. வேறு நோக்கத்துக்குச் சேர்த்த பொருள் காவலாளியாக வாய்த்தது அதிர்ஷ்டமே. ஆனாலும் பிரிட்டிஷ் கப்பல்களும் தப்பவில்லை. 1917 ஜூலை 9-ஆம் நாள் இரவு 'வான்கார்டு' கப்பல் ஸ்காப்பா புளோவில் நின்ற இடத்திலேயே வெடித்து 800-க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம் இன்றுவரை திட்டமாக நிறுவப்படவில்லை. முதிர்ந்த கார்டைட் என்பது ஐயங்களுள் ஒன்று.

கார்டைட் என்றதும் நீலகிரி வாசகர்களுக்கு அரவங்காடு நினைவுக்கு வந்திருக்கும். 1903-04-இல் அங்கே அமைந்த கார்டைட் தொழிற்சாலை குன்னூரிலிருந்து மலைரயிலில் போகும்போது வழியில் தென்படுவது. கார்டைட் செய்வது நின்றுபோய்ப் பல காலம் ஆன நாடுகளும் உண்டு. இங்கே ஊரின் அடையாளமாகவே அப்பெயர் நிலைத்துவிட்டது.

குதிரை லாயத்தில் விரிந்த பித்தளை

மருந்து நன்றாக இருந்தாலும் தோட்டா கெடலாம். அதன் கூடு பித்தளை. செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகளில் கழுத்துப் பக்கம் கீறல் விழுந்தது. யாரும் தொடவில்லை, சுடவில்லை, சும்மா கிடந்தவை. மழைக்காலம் வந்தால் தோன்றிய கீறல் ஆகையால் 'பருவக் கீறல்' என்றே பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், தகட்டை இழுத்து வளைத்துக் கூடாக்கியபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால் கீறல் விழுகிறது. ஒன்று குறைந்தாலும் விழாது. கூட்டின் கழுத்தை இளஞ்சூட்டில் பதப்படுத்தி இறுக்கத்தைப் போக்கிவிட்டால் போதும். நல்ல ராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் சாயல் அந்தப் பதம்பார்த்த தடம்தான்.

தோட்டாவின் அடியில் பொறி தரும் சிறு மூடி ஒன்று உண்டு. அதில் முன்பு இட்ட பாதரச பல்மினேட் வெப்ப நாடுகளில் விரைவில் கெட்டுப்போகும். பொட்டாசியம் குளோரேட் கலந்த மூடி நெடுங்காலம் தாங்கும். ஆனால் சுட்டபின் உப்புப் படிந்து துப்பாக்கிக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடிக்காத வகை வந்த பிறகும், அமெரிக்கப் படை தன் பெரிய துப்பாக்கிகளுக்கு இரண்டாம் உலகப் போர் முடியும்வரை குளோரேட் மூடியையே பயன்படுத்தியது. குழாயைத் தினமும் கழுவிக்கொள்ளலாம். கெட்ட மூடியை என்ன செய்வது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது.

அப்படியானால் எத்தனை ஆண்டு?

பெட்டியை மூடி, காற்றுப்புகாத தகரத்தில் அடைத்து, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால் துப்பாக்கித் தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தோட்டாக்கள் இன்றும் சுடுவதுண்டு. அதே தோட்டா வண்டியின் தகரப் பெட்டிக்குள் கோடை வெயிலில் கிடந்தால் கணக்கு வேறு.

வெப்பம்தான் இங்கே கடிகாரத்தை முடுக்குவது. இன்றைய சர்வதேசச் சோதனை முறையொன்றில், மருந்தை 80 பாகை சென்டிகிரேடில் 10.6 நாள் வைத்து அதில் பிறக்கும் வெப்பத்தை நுட்பமாக அளக்கிறார்கள். அந்தப் பத்தரை நாளை, 25 பாகையில் பத்து ஆண்டு வைத்ததற்குச் சமமாகக் கொள்கிறார்கள். சோதனையில் தேறினால் இன்னும் பத்தாண்டுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் '25 பாகையில்' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் சிதைவு இரண்டு மூன்று மடங்காகும். ஆகவே 35 பாகையில் அந்தப் பத்தாண்டு மூன்று நான்கு ஆண்டாகச் சுருங்கிவிடும். வெயிலில் நிற்கும் இரும்புக் கொள்கலனுக்குள் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பையில் சுமக்கும் தோட்டாவுக்குத் துன்பம் இன்னும் அதிகம். வெயிலும் மழையும் மாறி மாறி. துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் மூடியின் ஓரமாகக் கசிந்து உள்ளே போகும். தினமும் ஏற்றி இறக்குவதில் ஈயக்குண்டு கூட்டுக்குள் அமுங்கும். இதனால்தான் காவலில் சுமந்த தோட்டாக்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவை கொடுப்பது பல படைகளில் வழக்கம். ஒரே நாளில் ஒரே கலவையில் செய்த தோட்டாக்கள் எல்லாம் ஒரு தொகுதி. தொகுதி எண் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை அவ்வப்போது எடுத்துச் சோதித்தால் மற்றவற்றின் நிலை தெரியும். தொகுதி எண் அழிந்த பெட்டி, எங்கே எத்தனை கோடை கழித்தது என்று தெரியாத பெட்டி ஆகியவற்றை அனுபவமுள்ள கிடங்கு அதிகாரி ஏற்கமாட்டார்.

இவ்வளவும் தெரிந்த காலத்தில் நடந்ததுதான் அடுத்த செய்தி. 2009 ஜனவரியில், ஈரானிலிருந்து சிரியாவுக்குச் சென்ற ஒரு சரக்குக் கப்பல் சைப்ரஸ் தீவில் நிறுத்தப்பட்டது. ஐ.நா. தடையை மீறிய சரக்கு என்று 98 கொள்கலன் வெடிமருந்துப் பொருள்களை இறக்கிவிட்டார்கள். அவற்றை என்ன செய்வது என்று முடிவாகவில்லை. மாரி அருகே உள்ள கடற்படைத் தளத்தில், திறந்த வெளியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மத்தியதரைக் கடற்பகுதிக் கோடைகள் வந்து போயின. படையினர் எச்சரித்தார்கள். கடிதங்கள் அலுவலகம் விட்டு அலுவலகம் சென்றன. 2011 ஜூலை 4-ஆம் நாள் ஒரு கொள்கலனுக்குள் சிறு வெடிப்பு நிகழ்ந்து அதன் பக்கம் புடைத்தது. அடுத்த திங்கட்கிழமை, ஜூலை 11, விடியற்காலையில் தீப் பிடித்தது. ஆறு மணிக்குச் சற்று முன்னால் எல்லாம் ஒருசேர வெடித்தன. பக்கத்திலிருந்த வாசிலிகோஸ் மின் நிலையம் நொறுங்கியது. தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மாண்டவர் 13 பேர். அவர்களில் கடற்படைத் தளபதி ஒருவர். தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஆறு பேர்.